பள்ளிக்குப் பரிசோதிக்க வரும் டாக்டர்களுக்கு ஓர் அப்பாவின் மடல்

மதிப்பிற்குரிய டாக்டர்களுக்கு,

வணக்கம். வருஷத்துக்கு ஒருமுறை பள்ளிக்கு வந்து உயரம், எடை, கண், பல் பார்த்துக் கார்டில் எழுதிக் கொடுக்கிறீர்கள். ஒரே காலையில் அத்தனை பிள்ளைகளைப் பார்க்கிற சிரமம் தெரியும், அதனால் ஒன்றே ஒன்றுதான் கேட்கிறேன். 14 வயது முடிந்த பையன்களைத் தனியாகக் கூப்பிட்டு, உடம்பில் பருவ மாற்றம் தொடங்கிவிட்டதா என்று கேளுங்கள்.

என் மகனுக்குப் பதினைந்தரை வயது. போன மாதம் உங்களில் ஒருவர் அவனை வரிசையில் வைத்தே, "உயரம் 146 சென்டிமீட்டர்தானா? ஆறாங்கிளாஸ் பையன் இங்க எப்படி வந்தான்?" என்று கேட்டிருக்கிறார். வரிசையே சிரித்திருக்கிறது. கார்டில் 'நன்றாகச் சாப்பிடவும்' என்று இருந்தது. அவன் நன்றாகச் சாப்பிடுகிற பிள்ளைதான் ஐயா.

அன்றைக்கு ராத்திரி பாத்ரூம் லைட் ரொம்ப நேரம் எரிந்தது. தட்டினேன், திறந்தான். மேலுதட்டில் சோப்பு நுரை, நடுவில் ஒரு கீறல், கையில் என் ரேசர். சவரம் பண்ணினால் மீசை முளைக்கும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள், ஆனால் வழிக்க அங்கே பூனைமுடிகூட இல்லை. போனை எடுத்தால் "மேடம், சார் இருக்காங்களா?" என்கிறார்கள் என்பதால் அவன் போன் எடுப்பதை விட்டே ஆறு மாசமாகிறது.

அப்புறம் ஒரு ஹார்மோன் டாக்டரிடம் போனோம். அவர் முதல் கேள்வியை என்னிடம்தான் கேட்டார்: "உங்களுக்கு எப்போ சார் மீசை அரும்புச்சு?" கல்லூரியில் சேர்ந்த பிறகுதான். வெட்கப்பட்டு அதை நான் மகனிடம் சொன்னதே இல்லை, அது என் தப்பு. அவனிடம் காபி வாசம், மல்லிகை வாசம் தெரிகிறதா என்று கேட்டார். வாசனையும் தெரியாமல் பருவமும் வராமல் போகிற பிறவிக் குறைபாடு ஒன்று உண்டாம். பிறகு திரைக்குப் பின்னால், மணி கோத்த மாலை மாதிரி ஓர் அளவுகோலை வைத்துப் பார்த்தார். விரை 4 மில்லிலிட்டர் அளவை எட்டினால் பருவம் தொடங்கிவிட்டது என்று அர்த்தம், 14 வயதிலும் எட்டவில்லை என்றால் காரணம் தேட வேண்டும். இடது கை மணிக்கட்டு எக்ஸ்ரேயில் எலும்பின் வயது பன்னிரண்டரை என்று வந்தது. "இன்னும் வளர இடம் இருக்குடா" என்று அவர் சொன்னபோதுதான் பிள்ளை தலைநிமிர்ந்தான்.

பெரும்பாலான பையன்களுக்கு இது குடும்பவாகில் வருகிற தாமதம்தான், தேவைப்பட்டால் சில மாதம் குறைந்த அளவில் ஆண் ஹார்மோன் ஊசி போடுவார்கள். ஆனால் சிலருக்கு விரையிலோ, மூளைக்கு அடியில் இருக்கிற பிட்யூட்டரி சுரப்பியிலோ கோளாறு இருக்கலாம், அதை 'போகப்போகச் சரியாகிவிடும்' என்று விட முடியாது. கேட்டால்தானே தெரியும்?

பெண்பிள்ளை வயசுக்கு வந்தால் பந்தல் போட்டு, தாய்மாமன் சீரோடு ஊரையே கூப்பிடுகிறோம். பையனுக்கு வந்ததா வரவில்லையா என்று வீட்டிலும் கேட்பதில்லை, பள்ளியிலும் கேட்பதில்லை. கேட்பது யாரென்றால், லாட்ஜில் ரூம் போட்டு உட்காரும் பரம்பரை வைத்தியரும், ராத்திரி டிவியில் பையன்களைப் பயமுறுத்துகிறவரும்தான். எங்கள் வீட்டுக்கே ஒரு டப்பா லேகியம் வந்துவிட்டது. படித்த நீங்கள் கேட்காமல் விட்ட கேள்வியை வைத்து அவர்கள் பிழைக்கிறார்கள், அதுதான் தாங்கவில்லை.

கோபத்தில் எங்கோ போய்விட்டேன், மன்னியுங்கள். அடுத்த முறை வரும்போது தயவுசெய்து ஒரு திரைச்சீலை கொண்டுவாருங்கள். 14 முடிந்த பையனைத் தனியாகக் கேளுங்கள், தொடங்கவில்லை என்றால் ஹார்மோன் டாக்டரிடம் காட்டச் சொல்லிப் பெற்றோருக்கு ஒரு வரி எழுதிக் கொடுங்கள். உயரத்தை மட்டும் சத்தமாகப் படிக்காதீர்கள்.

இப்படிக்கு,
பத்தாம் வகுப்புப் பையன் ஒருவனின் அப்பா