இறக்கியாச்சு, அப்புறம்?

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற இதழில் வந்த, லேசான வாயுவை நிரப்பி மிதந்து பறக்கும் ஆகாயக் கப்பல் பற்றிய கட்டுரையை ஒரே மூச்சில் படித்தேன். ஆனால் ‘ஹைட்ரஜன் ஹீலியத்தின் எடையில் பாதிதான், அதனால் இரண்டு மடங்கு தூக்கும்’ என்ற வரியில் அப்படியே நின்றுவிட்டேன். தூக்குவது வாயு இல்லை, சுற்றியிருக்கும் காற்று. தண்ணீரில் அமுக்கிய பந்து மேலே எழும்புகிறதே, அதே கதைதான். கடல்மட்டத்தில் ஒரு கன மீட்டர் காற்று சுமார் 1,225 கிராம், அதே இடத்தை ஹீலியத்தால் நிரப்பினால் 170, ஹைட்ரஜன் என்றால் 85. கழித்துப் பாருங்கள்: ஹீலியம் 1,055 கிராமைத் தூக்கும், ஹைட்ரஜன் 1,140. நூற்றுக்கு எட்டுதான் கூடுதல்! ஹிண்டன்பர்க் என்ற ஜெர்மன் ஆகாயக் கப்பலைக்கூட ஹீலியத்தை மனதில் வைத்துத்தான் வடிவமைத்தார்கள். அமெரிக்காவிடமிருந்து ஹீலியம் கிடைக்கவில்லை, ஹைட்ரஜனை நிரப்பினார்கள், 1937 மே 6 அன்று அமெரிக்காவின் லேக்ஹர்ஸ்டில் அது எரிந்து தரையில் நின்ற ஒருவரையும் சேர்த்து 36 பேர் இறந்தார்கள்.

அந்தத் தீயோடு ஆகாயக் கப்பலின் கதை முடிந்தது என்கிறது கட்டுரை. எனக்கென்னவோ இதன் தீராத தலைவலி எடைதான் என்று தோன்றுகிறது. எரிபொருள் தீரத் தீர விமானம் லேசாவது லாபம், ஆனால் ஆகாயக் கப்பல் லேசானால் இறங்க அடம்பிடிக்கும். கிராஃப் செப்பலின் என்ற ஜெர்மன் ஆகாயக் கப்பலில் இதற்கு ஒரு நல்ல தந்திரம் செய்தார்கள். ஏறக்குறைய காற்றின் எடையே உள்ள பிளாவ் வாயுவை எஞ்சினில் எரித்தார்கள், அது காலியாகும் இடத்தில் காற்று வந்து நிற்கும், மொத்த எடை அசையாது. 1929இல் உலகைச் சுற்றி வந்தது அந்தக் கப்பல்தான்.

நீங்கள் போட்டிருந்த படத்தில் பிளிம்ப்பின், அதாவது உள்ளே சட்டகம் இல்லாமல் வாயு அழுத்தத்தாலேயே வடிவம் பெறும் ஆகாயக் கப்பலின், வயிற்றுக்குள் முன்னும் பின்னுமாக இரண்டு பைகள் தெரிகின்றன, அவற்றைப் பற்றி ஒரு வார்த்தைகூட இல்லை. அவற்றில் இருப்பது வெறும் காற்று. மேலே போகப் போக ஹீலியம் விரியும், அப்போது பைக்காற்றை வெளியே விட்டு இடம் கொடுப்பார்கள். இறங்கும்போது ஹீலியம் சுருங்கும், மறுபடி காற்றை உள்ளே அடைப்பார்கள், இல்லையென்றால் எலும்புக்கூடே இல்லாத பிளிம்ப் தொளதொளவென்று தொங்கிவிடும். முன்பையில் காற்றைக் கூட்டினால் மூக்கு தாழும், பின்பையில் கூட்டினால் மூக்கு எழும்பும்.

இப்போது சரக்குக்கு வருகிறேன். ‘சாலையே இல்லாத இடத்தில் 20 டன்னை இறக்கலாம்’ என்று கட்டுரையாளர் எழுதியிருக்கிறார். சரி, இறக்கியாச்சு, அப்புறம்? இறக்க இறக்க அதே அளவு தண்ணீரையோ மணலையோ ஏற்றாவிட்டால் கப்பல் பிய்த்துக்கொண்டு மேலே போகும். சாலையில்லாத இடத்தில் 20 டன் தண்ணீரை யார் தயாராக வைத்திருப்பார்கள்? வானிலை பலூனுக்கு இந்தத் தொல்லையே இல்லை, தினம் இரண்டு வேளை உலகம் முழுக்க ஒரே நேரத்தில் விடுகிறார்கள், கருவியோடு சுமார் 30 கிலோமீட்டர் ஏறி, உப்பி, வெடித்துவிடும், அதோடு அதன் வேலை முடிந்தது.

இந்தக் கட்டுரைக்குத் தொடர்ச்சி உண்டென்றால், அந்த 20 டன்னுக்கு என்ன வழி என்று எழுதியவரிடம் கேட்டுப் போடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்