பாய்லர் அறைக்காரர்களையும் எழுதுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். டிசம்பர் 4 கடற்படை நாளையொட்டி உங்கள் நாளிதழில் வந்த சிறப்புப் பக்கத்தைப் படித்தேன். 1971 போரில் கராச்சியைத் தாக்கிய ஏவுகணைப் படகுகள், விமானம் தாங்கிக் கப்பலான விக்ராந்திலிருந்து கிளம்பிய சீ ஹாக் விமானங்கள், தளபதிகளின் படங்கள் என எல்லாம் இருந்தன. அந்தக் கப்பல்களை ஓட்டிய எஞ்சின்காரர்கள் மட்டும் ஒரு வரியில்கூட இல்லை. என் அப்பா இருந்திருந்தால் பேப்பரை மடித்து வைத்துவிட்டு, "பாய்லர் தானா எரிஞ்சுதாக்கும்?" என்று கேட்டிருப்பார். இந்த டிசம்பரில் அவர் இல்லை. அதனால் நான் எழுதுகிறேன்.

அப்பா கடற்படையில் ஆர்டிஃபிசர், அதாவது எஞ்சின்களைப் பராமரிக்கும் தொழில்நுட்ப மாலுமி, பயிற்சிக்குச் சேர்ந்தபோது மீசைகூட சரியாக முளைக்காத வயது. பயிற்சி லோனாவலாவில், ஐஎன்எஸ் சிவாஜியில். "கடலே கண்ணில் படாத மலைமேல் உட்கார்ந்து கப்பல் எஞ்சின் படித்தோம்" என்று சிரிப்பார். அப்புறம் ஓய்வு பெறும்வரை பெரும்பாலும் நீராவிக் கப்பல்கள்தான். 1972-இல் படையில் சேர்ந்த நீல்கிரியும் அதன் வகையைச் சேர்ந்த ஹிம்கிரி முதலானவையும் மும்பை மசகான் தளத்தில் கட்டப்பட்டவை. அந்த வகைக் கப்பல்களில்தான் அவர் காலம் ஓடியது. சொந்தக்காரர்கள் யாராவது "பீரங்கி சுட்டிருக்கீங்களா?" என்று கேட்டால், "அது மேல்தளம். நான் தண்ணி மட்டத்துக்குக் கீழே" என்பார். கேட்டவர் முகம் தொங்கிப்போகும்.

கீழே என்ன நடந்தது என்பதை அவர் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் சொன்னார். அந்தக் கப்பல்களில் நீராவியின் அழுத்தம் சதுர அங்குலத்துக்குச் சுமார் 550 பவுண்டு, வெப்பம் 450 டிகிரி செல்சியஸை ஒட்டி. அந்தச் சூட்டில் நீராவி கண்ணுக்குத் தெரியாது. குழாயில் ஊசித்துளை விழுந்தால் சீறும் சத்தம் மட்டும் கேட்கும், எங்கிருந்து என்று தெரியாது. கையை நீட்டித் தேடினால் கை போய்விடும். துடைப்பக் கட்டையை முன்னால் நீட்டிக்கொண்டே நடக்கச் சொல்லி சீனியர்கள் கற்றுக்கொடுத்தார்களாம். கட்டை எங்கே அறுபடுகிறதோ அங்கே கசிவு.

விடுப்பில் வரும்போது அவர் விரல் நுனிகளில் கறுப்புப் புள்ளிகள் இருக்கும். மைக்கறை என்றுதான் நானும் தம்பியும் நினைத்திருந்தோம். அது சில்வர் நைட்ரேட் கறை, தோலில் பட்டால் சோப்புப் போட்டாலும் போகாது. டர்பைனைச் சுழற்றிவிட்டு வரும் நீராவியைக் கண்டென்சரில் கடல்நீரால் குளிர்வித்துத் திரும்பத் தண்ணீராக்கி பாய்லருக்கே அனுப்புவார்கள். உள்ளே ஆயிரக்கணக்கான மெல்லிய குழாய்கள். அதில் ஒன்று ஓட்டையானாலும் உப்பு பாய்லருக்குள் போய்விடும், பாய்லர் குழாய்கள் அரித்துப்போகும். அதனால் சோதனைக் குழாயில் அந்தத் தண்ணீரை எடுத்துச் சில சொட்டு சில்வர் நைட்ரேட் விட்டு வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்க வேண்டும். தெளிவாக நின்றால் நிம்மதி. பால் கலந்த மாதிரி வெளுத்தால் அன்று யாருக்கும் தூக்கம் கிடையாது.

உங்கள் கட்டுரையில் விக்ராந்தின் விமானங்களைப் பற்றி நிறைய இருந்தது. அப்பா அந்தக் கப்பலில் இருந்ததில்லை. ஆனால் அவருடைய சீனியர்கள் இருந்தார்கள், அந்தக் கதையைச் சொல்ல ஆரம்பித்தால் அவர் யாரையும் பாதியில் எழுந்து போக விடமாட்டார். 1971-இல் விக்ராந்தின் நான்கு பாய்லர்களில் ஒன்றில் விரிசல் கண்டிருந்தது. கப்பல் முழு வேகம் எடுக்க முடியாது. விமானம் எழும்ப எதிர்காற்று வேண்டும், காற்று போதாவிட்டால் கப்பல் வேகமாகப் போய்த்தான் ஈடுகட்ட வேண்டும். விமானத்தை உந்தித் தள்ளும் கேட்டபுல்ட்டுக்கும் அதே பாய்லர்களின் நீராவிதான். அந்த நிலையிலும் வங்காள விரிகுடாவில் இறங்கி, டிசம்பர் 4 அன்றே அன்றைய கிழக்குப் பாகிஸ்தானின் காக்ஸ் பஜாரைத் தாக்க விமானங்களை அனுப்பியது. கீழே அழுத்தமானியைப் பார்த்தபடி நின்றவர்களுக்கும் அதில் பங்கு உண்டு என்று எழுதினால் விமானிகளுக்கு என்ன குறைந்துவிடும்?

வீட்டு மனிதராக அவரைப் பற்றிச் சொல்லாவிட்டால் அம்மா ஆவியாக வந்து சண்டை போடுவாள். கப்பலின் பெயரும் "ஃப்ளீட் மெயில் ஆபீஸ், பம்பாய்" என்ற முகவரியும் எனக்கு எங்கள் வீட்டு முகவரிக்கு முன்பே மனப்பாடம். கடிதங்கள் அவருக்குக் கட்டுக்கட்டாக, முன்னும் பின்னுமாகக் கிடைக்கும். அம்மா ஒவ்வொன்றின் மூலையிலும் எண் போட்டு அனுப்புவாள், அவர் வரிசைப்படுத்திப் படிப்பார். என் கணக்கு நோட்டின் பக்கங்களும் அதோடு போகும். விடை சரியாக இருந்தாலும் வழி பிடிக்காவிட்டால் சிவப்பு மையில் சுழித்து, திரும்பப் போடச் சொல்லி எழுதுவார். பரீட்சை முடிந்து ரிசல்ட் வந்த பிறகு அந்தத் திருத்தம் வந்து சேரும். அதையும் போட்டுத்தான் ஆக வேண்டும்.

பாய்லர் அறைச் சத்தம் அவர் இடது காதை முழுதாகவும் வலது காதைப் பாதியாகவும் வாங்கிக்கொண்டது. ஆனாலும் மோட்டார் கோளாறு என்றால் ஸ்க்ரூடிரைவரின் முனையை மோட்டாரிலும் பிடியைக் காதுக்குப் பின்னாலிருக்கும் எலும்பிலும் அழுத்திக்கொண்டு கண்ணை மூடுவார். "பேரிங் போச்சு" என்பார். பேரிங்தான் போயிருக்கும்.

அம்மா படுக்கையில் விழுந்த மாதங்களில்தான் அவர் என்ன வேலை பார்த்தார் என்பதை நான் நேரில் பார்த்தேன் என்று சொல்வேன். கப்பலில் இருப்பதுபோல நான்கு மணி நேர வாட்ச், அதாவது முறைக்காவல், பிரித்தார். பட்டியலில் நான், தம்பி, தம்பி மனைவி, அவர். நள்ளிரவு பன்னிரண்டிலிருந்து நான்கு வரை மிடில் வாட்ச், அதுதான் கொடுமையானது. அதை வேறு யாருக்கும் தரவில்லை. ரூல் தடியால் கோடு போட்ட நோட்டில் காய்ச்சல், ரத்த அழுத்தம், குடித்த தண்ணீர், போன சிறுநீர் எல்லாம் பென்சிலில் ஏறும். அளவு மாறினால் வட்டம். அடுத்த ஆள் வந்து நோட்டைப் படித்து, அம்மாவை ஒருமுறை பார்த்து, "சரி, எடுத்துக்கிட்டேன்" என்று வாய்விட்டுச் சொல்லும்வரை முந்தைய ஆள் நாற்காலியை விட்டு எழக்கூடாது. தம்பி ஒருநாள் சொல்லாமல் மாடிக்குப் போய்விட்டான். எழுபதைத் தாண்டிய மனிதர், அவனை அன்று திட்டிய திட்டை இங்கே எழுத முடியாது. மருத்துவர் அந்த நோட்டைத்தான் முதலில் கேட்பார்.

2025 ஆகஸ்ட் 26 அன்று விசாகப்பட்டினத்தில் புதிய ஹிம்கிரியும் உதயகிரியும் படையில் சேர்ந்ததைத் தொலைக்காட்சியில் பார்த்தார். பழைய பெயர்கள்தான், கப்பல்கள் வேறு. டீசல், காஸ் டர்பைன் எஞ்சின்கள், கணினித் திரையில் கட்டுப்பாடு. "நல்லது. பசங்களுக்குத் தோல் உரியாது" என்றார். நீராவிக் காலத்தின் மீது ஏக்கமெல்லாம் அவருக்குக் கிடையாது. அந்தச் சூட்டில் நின்றவர்களுக்கு இருக்கவும் இருக்காது.

ஆனால் அந்த வேலையின் அறிவு அவரைப் போன்றவர்களின் தலையிலும் நோட்டுகளிலும்தான் மிச்சமிருக்கிறது. நீல்கிரி வகைக் கப்பல்கள் எல்லாம் ஓய்வு பெற்றுவிட்டன. அருங்காட்சியகமாக நின்ற பழைய விக்ராந்தையே 2014-இல் உடைக்கத் தொடங்கிவிட்டார்கள். அப்பாவின் நோட்டுகள் எங்களிடம் பத்திரமாக உள்ளன. உங்கள் செய்தியாளர் யாராவது பார்க்க விரும்பினால் வரலாம்.

அடுத்த டிசம்பர் 4 பக்கத்தில் பாய்லரை எரியவைத்த ஸ்டோக்கர்களுக்கும் ஆர்டிஃபிசர்களுக்கும் அரைப் பக்கம் ஒதுக்குங்கள். இப்போதே தேடத் தொடங்கினால் எண்பதை ஒட்டிய பலர் கிடைப்பார்கள். "பெருமையாக இருந்ததா?" என்று கேட்டால் ஒரு வார்த்தையில் முடித்துவிடுவார்கள். எந்த வால்வு மக்கர் செய்தது என்று கேளுங்கள், சாயங்காலம்வரை பேசுவார்கள். செய்தியாளரிடம் ஒன்று மட்டும் சொல்லி அனுப்புங்கள்: எந்தக் காது கேட்கும் என்று முதலில் விசாரித்துவிட்டு, அந்தப் பக்கமாக உட்கார வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கடற்படைப் பொறியாளர் ஒருவரின் மகள்