லூத்ரோ பேக்கேஜ்: கார் கட்டணமும் ஓர் இரவு வாடகையும் திருப்பித் தரக் கோரி

மேலாளர் அவர்களுக்கு,

வணக்கம். ஆறு மின்னஞ்சல் அனுப்பி, மூன்று முறை உங்கள் அலுவலகப் படி ஏறி இறங்கி ஓய்ந்துபோய் இதை எழுதுகிறேன்.

கிரீஸ் நாட்டின் கிரீட் தீவில் தென்கரையில் உள்ள லூத்ரோவுக்கு நீங்கள் தந்த வவுச்சரில் ‘ஹோட்டல் வாசல் வரை கார்’ என்று அச்சாகியிருக்கிறது. லூத்ரோவுக்குச் சாலையே கிடையாது! ஹோரா ஸ்ஃபாகியோன் என்ற கடலோர ஊரில் (சுருக்கமாக ஸ்ஃபாகியா) படகு ஏற வேண்டும். இல்லையென்றால் கடலோர மலைப்பாதையில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் நடை. விற்கிற உங்களுக்கு இது தெரியாமலா இருக்கும்?

நீங்கள் ஏற்பாடு செய்த டிரைவர் எங்களை அனோபோலி என்ற மலைக் கிராமத்தில் இறக்கிவிட்டுப் போய்விட்டார். வரைபடத்தில் அது பக்கம்தான். ஆனால் இருப்பது சுமார் 600 மீட்டர் உயரத்தில். அங்கிருந்து கீழே போவது வளைந்து வளைந்து இறங்கும் கரடுமுரடான கல்பாதை. சக்கரப் பெட்டி பத்தடி உருளாது. ஒரு பெட்டியின் சக்கரம் முதல் திருப்பத்திலேயே கழன்றுவிட்டது. கூட வயதான அம்மா. உங்கள் அவசர எண்ணில் பேசியவர் சொன்னது: “மேப்ல பக்கத்துலதானே காட்டுது, இறங்கிப் போங்க. இதுக்கெல்லாம் கூப்பிடாதீங்க.” போனையும் வைத்துவிட்டார். அவர் பெயரை மூன்று முறை கேட்டும் நீங்கள் இன்றுவரை சொல்லவில்லை.

டாக்ஸி பிடித்து, கொண்டை ஊசி வளைவுகளில் 12 கிலோமீட்டர் திரும்பி இறங்குவதற்குள் கடைசிப் படகு போய்விட்டது. ஸ்ஃபாகியாவில் அறை எடுத்தோம். லூத்ரோ அறைக்கும் அன்றைய வாடகை போனது. பயணமே பாழ்.

விமான டிக்கெட்டும் அப்படித்தான். ஹானியா விமான நிலையம் பக்கத்தில் இருக்க, தொலைவிலுள்ள ஹெராக்லியனுக்கு ஏன் போட்டீர்கள்? ஹானியாவிலிருந்து கேடெல் (கிரீஸின் வெளியூர் பஸ் சேவை) பஸ் நேராக ஸ்ஃபாகியாவுக்கே போகிறது. திரும்பும் நாளிலும் காலையில் படகு, அன்றே விமானம். காற்று பலமாக அடித்தால் துறைமுகத்தார் படகை நிறுத்திவிடுவார்கள், அதனால் கடைசி இரவை ஹானியாவில்தான் வைக்க வேண்டும். அன்று படகு ஓடியது எங்கள் நல்ல நேரம்.

‘எல்லா வரியும் அடக்கம்’ என்றீர்கள். கிரீஸில் ஹோட்டலில் தங்குவோரிடம் வாங்கும் காலநிலைக் கட்டணத்தை வரவேற்பறையில் நாங்கள்தான் கட்டினோம்.

கார், டாக்ஸி, ஓர் இரவு வாடகை, பெட்டி ஆகியவற்றுக்கான ரசீதுகளை இணைத்திருக்கிறேன். தயவுசெய்து 15 நாளுக்குள் பணத்தைத் திருப்பித் தாருங்கள். ‘ரீஃபண்ட் வேற பிராஞ்ச்’ என்று இன்னொரு முறை பதில் வந்தால், அடுத்த கடிதம் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலிருந்து வரும். வவுச்சரில் உள்ள ‘ஹோட்டல் வாசல் வரை கார்’ என்ற வாசகத்தையும் இன்றே நீக்குங்கள். அடுத்த குடும்பம் அனோபோலியில் பெட்டியோடு நிற்க வேண்டாம்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்