ரயில் போன பாதையை மோட்டாருக்குக் கொடுக்காதீர்கள்

மதிப்புக்குரிய வட்டார மன்றத் தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும்,

வணக்கம்.

இதே விஷயமாகப் பிரெஞ்சில் இரண்டு முறை, ஆங்கிலத்தில் ஒரு முறை எழுதிவிட்டேன். மூன்றுக்கும் ஒரே பதில்தான்: தங்கள் மடல் கிடைத்தது, கவனத்தில் எடுத்துக்கொள்ளப்பட்டது. அதனால் இந்த முறை தமிழில், எல்லோரும் பார்க்கிற இடத்தில் எழுதுகிறேன். உங்களில் இரண்டு பேர் ஆறாம் வகுப்பு வரை என்னிடம் தமிழ் படித்தவர்கள். மற்றவர்களுக்கு அவர்கள் வாசித்துச் சொல்லட்டும். தடுமாறினால் அது வாத்தியார் குறை.

பழைய ரயில் பாதை பற்றித்தான். எந்தத் துண்டு என்று உங்களுக்கே தெரியும். நம் மொரீஷியஸின் தெற்கே ரோஸ் பெல்லிலிருந்து சூயாக்குக்கு இறங்கிய கிளைப் பாதையில், எங்கள் ஊருக்குப் பின்னால் கரும்புக்குள் புகுந்து ஆற்றங்கரைப் பக்கம் போகிறதே, அந்த ஐந்து கிலோமீட்டர். சென்ற ஆண்டுக் கடைசியில் சல்லி கொட்டி, ரோலர் ஓட்டி, அதைக் கார்களுக்குத் திறந்துவிட்டீர்கள். தைப்பூச நெரிசலுக்குத் தற்காலிக மாற்றுவழி என்று பலகையில் போட்டிருந்தது. தைப்பூசம் முடிந்து மாதங்கள் ஆகின்றன. பலகையை எடுத்துவிட்டீர்கள், கார்களை எடுக்கவில்லை.

அந்தப் பாதையை நடப்பவர்களுக்கும் சைக்கிளுக்கும் மட்டும் என்று திருப்பிக் கொடுங்கள். நான் கேட்பது இவ்வளவுதான்.

காவடியன்று காலையில் நடந்ததை ஏற்கெனவே உங்களுக்கு எழுதியிருக்கிறேன். பிரெஞ்சில் சரியாகச் சொன்னேனா தெரியவில்லை, மறுபடி சொல்கிறேன். என் அக்கா வீட்டுக்காரருக்கு வயது 67. முப்பது வருஷமாகக் காவடி எடுக்கிறவர். பத்து நாள் விரதம் முடிந்து, விடிவதற்கு முன்னால் நாங்கள் ஏழெட்டுப் பேர் சைக்கிளில் ஆற்றங்கரைக்குப் போவோம். காவடி கட்டுவது அங்கேதான். அத்தான் பாற்செம்பின் வாயை வாழையிலையால் மூடிக் கட்டி ஹாண்டில்பாரில் மாட்டியிருப்பார். ஆடக்கூடாது என்று ஒரு கை எப்போதும் செம்பின்மேல் இருக்கும். அந்தப் பாதையில் ஒரு கையால் ஓட்டலாம். ஓட்ட முடிந்தது, இத்தனை வருஷமாக.

நடுவில் ஓடைமேல் ரயிலுக்குக் கட்டிய கல்பாலம் இருக்கிறது. ஒரு ரயில் போகிற அகலம், இரண்டு பக்கமும் இடுப்பளவுச் சுவர். பாதிப் பாலத்தில் எதிரே கார் விளக்கு கண்ணில் அடித்தது. அத்தான் இறங்கிச் சுவரோடு ஒட்டி நின்றார். கார் மெதுவாகத்தான் வந்தது, பொய் சொல்லக்கூடாது. ஆனால் நிற்கவில்லை. பக்கக் கண்ணாடி இடித்துச் செம்பு விழுந்து உருண்டது. அந்த இருட்டில் கருங்கல்மேல் ஓடிய பால் மட்டும் வெள்ளையாகத் தெரிந்தது. ஓட்டிவந்த பையன் கண்ணாடியை இறக்கி, "சொரி, தோன்தோன்" என்றான், மன்னிக்கணும் மாமா என்று. நல்ல பையன்தான். அவனுக்குப் பின்னால் ஒரு வேன் ஹாரன் அடித்தது, போய்விட்டான்.

அத்தான் ஒன்றும் பேசவில்லை. செம்பை எடுத்து, ஒடுங்கிப்போன இடத்தை வேட்டி நுனியால் துடைத்தார். சைக்கிளை என்னிடம் கொடுத்துவிட்டு மீதித் தூரம் நடந்தே வந்தார். ஆற்றங்கரையில் யாரோ பால் கொடுத்தார்கள், காவடி எடுத்தார். முருகன் குறை வைக்கவில்லை. யார் வைத்தார்கள் என்று எழுத என் மரியாதை இடம் கொடுக்கவில்லை.

பெரிய ரோட்டில் போகலாமே என்று உங்கள் அலுவலகத்தில் ஒருவர் கேட்டார். பெயர்தான் ரோயால் ரோடு. ஒரு பக்கம் வீட்டுச் சுவர், மறுபக்கம் மூடியில்லாத சாக்கடை, நடுவில் இரண்டு பஸ் உரசாமல் போனால் அதிர்ஷ்டம். இப்போது கரும்பு வெட்டும் நடக்கிறது. லாரியிலிருந்து வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் கரும்பு நுனி தோளில் உரசுமே, அதைக் காருக்குள் இருப்பவர்கள் அறிய வாய்ப்பில்லை. உங்களில் யாராவது என் சைக்கிளை எடுத்துக்கொண்டு ஒரு சாயங்காலம் அந்த ரோட்டில் போய்வரலாம். பிரேக் நன்றாக இருக்கிறது.

ரயில் பாதையின் அருமை சைக்கிள் மிதிப்பவனுக்குத்தான் தெரியும். செங்குத்தான ஏற்றம் ரயில் எஞ்சினுக்கு ஆகாது. அதனால் மேட்டைச் சுற்றி வளைத்து, தெரியாமல் ஏறுகிற மாதிரி போட்டுவைத்தார்கள். என் முழங்காலுக்கும் அதே கணக்குப் பொருந்துகிறது. பயணிகள் ரயிலை 1956-ல் நிறுத்தினார்கள், சரக்கு ரயில் 1964 வரை ஓடியது. என் தாத்தா அதில் சர்க்கரை மூட்டை ஏற்றியவர். தண்டவாளத்தைப் பெயர்த்த பிறகு அதைப் பாதையாக வைத்திருந்தது ஊர்க்காரர்களின் கால்கள்தான்.

போன வருஷம் மே மாதம் மகனைப் பார்க்கப் பிரான்சுக்குப் போயிருந்தேன். அவன் என்னைக் க்ளூனிக்கு அழைத்துப் போனான். 910-ல் தொடங்கிய மடம் உள்ள ஊர். ரோமில் புனித பேதுரு தேவாலயத்தைப் புதிதாகக் கட்டும்வரை கிறிஸ்தவ உலகத்திலேயே பெரிய தேவாலயம் இங்கேதான் இருந்ததாம். புரட்சிக்குப் பிறகு கல்லுக்காக அதில் பெரும்பகுதியை இடித்துவிட்டார்கள். இடிப்பதில் அவர்களும் சளைத்தவர்கள் இல்லை. ஆனால் ரயில் நின்றுபோன பாதையை விட்டுவைத்தார்கள். க்ளூனியிலிருந்து ஜிவ்ரி வரை 44 கிலோமீட்டர், 1997-ல் சைக்கிளுக்கும் நடைக்கும் மட்டும் என்று திறந்தார்கள். பிரான்சிலேயே அந்த மாதிரிப் பாதைகளில் அதுதான் முதலாவது. திராட்சைத் தோட்டம், பழைய ஸ்டேஷன் கட்டடம், தெய்சே மடத்துக்கு நடந்து போகிற இளம் பிள்ளைகள். ஒரு மோட்டார் சத்தம் இல்லை. ரோட்டைக் கடக்கிற இடத்தில் கம்பம் நட்டிருந்தார்கள், சைக்கிள் நுழையும், கார் நுழையாது. அந்த அதிசயத் தொழில்நுட்பத்தை இறங்கி நின்று போட்டோ எடுத்தேன். முதல் மடலோடு இணைத்திருந்தேன், பார்த்திருப்பீர்கள்.

க்ளூனிக்குத் தெற்கே அதே ரயிலுக்குத் தோண்டிய புவா க்ளேர் சுரங்கம் இருக்கிறது, ஒன்றரைக் கிலோமீட்டருக்கும் மேல். குளிர்காலத்தில் அதை அடைத்துவிடுகிறார்கள். எதற்கு? வௌவால்கள் உறங்குவதற்கு. அங்கே வௌவாலுக்கு இருக்கிற மதிப்பு இங்கே பாற்செம்போடு வருகிற மனிதனுக்கு இருக்குமானால் நான் இந்த மடலை எழுத வேண்டியிருக்காது.

இது எங்கள் கோவில் விஷயம் மட்டும் இல்லை. சிவராத்திரிக்குக் கங்கா தலாவு ஏரிக்கு நடக்கிறவர்கள், செப்டம்பர் 8 இரவு சாதி மதம் பாராமல் சேன்ட் குருவாவில் பேர் லவால் என்ற பாதிரியாரின் சமாதிக்கு நடக்கிறவர்கள், இந்தத் தீவே நடந்து கும்பிடுகிற தீவு. ஆனால் நடப்பதற்கென்று எந்த இடத்தை விட்டுவைத்தோம்? போ பாசென் ஊரில் பழைய ரயில் பாதை மரநிழலோடு நடைபாதையாக இருந்தது, மெட்ரோ வந்தபோது அதுவும் போயிற்று. மெட்ரோவைக் குறை சொல்லவில்லை, நானும் அதில் போகிறவன்தான். ரயிலை ஒழித்து ஐம்பது வருஷம் கழித்து மறுபடி ரயில் போடுகிற நாட்டில், இன்று அழிக்கிற பாதையை நாளை எவ்வளவு கொடுத்து வாங்குவார்கள் என்றுதான் யோசிக்கிறேன்.

நம் ஆட்களையும் சொல்ல வேண்டும். 1998-ல் நம் நாட்டுப் புதிய ரூபாய் நோட்டில் தமிழை இந்திக்குக் கீழே இறக்கியபோது எப்படிக் கொதித்தோம்! நோட்டையே திரும்பப் பெற்றார்கள். இப்போது பக்தர்கள் நடக்கிற பாதையில் கார் ஏறுகிறது, கோவில் கூட்டத்தில் பேச்சே இல்லை. பேசினால் அவரவர் காரை எங்கே நிறுத்துவது? ஐந்து நிமிஷ நடைக்கு ஒரு வீட்டிலிருந்து இரண்டு கார் வருவதை நான் கண்ணால் பார்த்தேன், அதில் ஒன்று என் தங்கை வீட்டுடையது.

எங்கேயோ போய்விட்டேன், மன்னிக்கவும்.

கேட்க வந்தது இதுதான். அந்த ஐந்து கிலோமீட்டரைக் கார்களுக்கு மூடுங்கள். இரண்டு முனையிலும் கம்பம் நடுங்கள். கரும்பு டிராக்டருக்கும் ஆம்புலன்சுக்கும் வழி வேண்டும், தெரியும். கழற்றுகிற கம்பமாகப் போட்டுப் பூட்டின் சாவியை எஸ்டேட்டிலும் போலீஸ் ஸ்டேஷனிலும் கொடுத்துவைக்கலாம். கம்பத்துக்குக் காசு இல்லை என்றால் ஊரில் வசூல் செய்து தருகிறோம், நடுவதற்கும் வருகிறோம். அனுமதிக் கடிதம் ஒன்று போதும். அடுத்த தைப்பூசக் கொடியேற்றத்துக்கு முன்னால் இதைச் செய்து தருமாறு பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.

பதிலைத் தமிழில் எழுதச் சிரமப்பட வேண்டாம், கிரியோலிலேயே எழுதலாம். "கவனத்தில் எடுத்துக்கொள்ளப்பட்டது" என்பதை மட்டும் இந்த முறை விட்டுவிடுங்கள்.

அத்தான் செம்பை இன்னும் தட்டி நிமிர்த்தக் கொடுக்கவில்லை. மன்றத்தில் யாராவது பார்க்க விரும்பினால் கொண்டுவருவதாகச் சொல்கிறார். சைக்கிளில்தான் வருவார்.

இப்படிக்கு,
உங்கள் பழைய தமிழ் வாத்தியார்