கனடா பனியில் கொசு ஏது?

மதிப்புக்குரிய ஆசிரியருக்கு,

சென்ற ஞாயிறு இணைப்பில் மலேரியா கிருமியின் மரபணு பற்றிய கட்டுரையைப் படித்தேன். ஃபால்சிபாரம் என்ற வகை மலேரியா கிருமிக்கு 14 குரோமோசோம்கள், அதன் மரபணு வரிசை 2002இல் வெளிவந்தது, எல்லாம் சரி. நடுவில் ஒரு வரி: 'மறுபடி வரும் காய்ச்சலில் கிருமியின் மரபணு பழையதோடு பொருந்தாவிட்டால் நோயாளி மீண்டும் கொசுக்கடி வாங்கியிருக்கிறார்.' பக்கத்தில் வழக்கம்போல எங்கள் வடசென்னையின் சாக்கடை ஓடும் பக்கிங்காம் கால்வாய் படம்.

29 வருடம் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் மைக்ரோஸ்கோப்பில் கண் வைத்தவன் நான். ஃபால்சிபாரம் என்றால் பிறை வடிவம். வைவாக்ஸ் என்ற இன்னொரு வகை என்றால் சிவப்பணு உப்பிப்போய், மிளகாய்த்தூள் தூவினாற்போல் புள்ளிகள். இங்கே நான் பார்த்ததெல்லாம் பெரும்பாலும் வைவாக்ஸ்தான். அது ஈரலில் மாதக்கணக்கில் தூங்கும் என்பது தாங்கள் அறியாததல்ல. ஒரே கடியில் பல மரபணு வகைக் கிருமிகள் இறங்கலாம். இந்த முறை ஒன்று விழிக்கும், அடுத்த முறை இன்னொன்று. டிஎன்ஏ பொருந்தவில்லை என்பதை மட்டும் வைத்து எங்கள் தலையில் புதுக்கடி என்று எழுதுவது என்ன நியாயம்?

ஒரு ஆடியில் என் மனைவிக்கு வைவாக்ஸ் குளிர்காய்ச்சல். தெருமுனை கிளினிக்கில் ரத்தத்தில் இருக்கும் கிருமியை மட்டும் கொல்கிற குளோரோகுயினை மூன்று நாள் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். ஈரலில் தூங்குவதை அழிக்கிற பிரைமாகுயின், 14 நாள் மாத்திரை, அதைப் பற்றிப் பேச்சே இல்லை. விஷயம் தெரிந்த நானும் கேட்காமல் விட்டேன், அது என் தப்பு. கார்த்திகையில் மகளின் பேறுகாலம் பார்க்க டொராண்டோ போனாள். தை மாதம், வாசற்படி தெரியாமல் பனி. அதே காய்ச்சல் திரும்பி, மூன்று கம்பளிக்குள் கட்டில் ஆட நடுங்கியிருக்கிறாள். வண்ணாரப்பேட்டைக் கொசு விசா எடுத்துப் போய்க் கடித்ததா என்று கட்டுரையாளரைக் கேட்டுச் சொல்லுங்கள்.

அப்புறம் அந்தப் படம். நகரத்தில் மலேரியா பரப்பும் ஸ்டீபன்சி கொசு முட்டையிடத் தேடுவது நல்ல தண்ணீரை. கிணறு, மூடி சரியாக உட்காராத மாடித் தொட்டி. குழாயில் தண்ணீர் எப்போது வரும் என்று தெரியாததால்தான் நாங்கள் தொட்டியிலும் டிரம்மிலும் பிடித்து வைக்கிறோம். இதை முன்பே ஒருமுறை எழுதினேன். பாதியை வெட்டி, ஊரை 'வண்ணாரப்பாளையம்' ஆக்கிப் போட்டீர்கள். காய்ச்சல் வந்தால் கால்வாய், மழை வந்தால் கால்வாய், தேர்தல் வந்தாலும் அதே கால்வாய். ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியும் வடசென்னையில்தான் இருக்கிறது ஐயா, ஒருநாள் அதன் வாசலையாவது படம் பிடிக்கக் கூடாதா?

வரும் ஞாயிறு இரண்டு வரித் திருத்தம் போதும். டாக்டர் எழுதிக் கொடுத்தால் பிரைமாகுயினை நாள் கணக்கு முடியும்வரை நிறுத்தாமல் சாப்பிடச் சொல்லி ஒரு வரி சேர்த்தால் நல்லது. இடம் இல்லையென்றால் கால்வாயில் ஒரு அங்குலம் வெட்டிக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ரத்தப் பரிசோதகர்,
பழைய வண்ணாரப்பேட்டை (பாளையம் அல்ல)