அக்காவுக்கு, ராத்திரி ஒரு மணியைப் பற்றி

அன்புள்ள அக்கா,

ஆடிப்பூரத்துக்கு எங்கள் வீட்டில் நாலு நாள் தங்கினாயே, அதில் இரண்டாம் ராத்திரி உனக்கு நினைவிருக்கிறதா? மணி ஒன்று. இருட்டில் எழுந்து என் சமையலறைச் சுவரைத் தடவி மோட்டார் சுவிட்சைத் தேடிக்கொண்டிருந்தாய். இங்கே ஜெனரேட்டர் இருக்கிறது, தொட்டி நிறையத் தண்ணீர் இருக்கிறது என்றேன். தலையாட்டினாய். கை நடுக்கம் மட்டும் நிற்கவே இல்லை.

காலையில் டாக்டரிடம் போகலாமா என்றதற்கு, "எனக்கு என்னடா நடந்துருச்சு? தலையில குண்டா விழுந்துச்சு?" என்றாய். அதற்குத்தான் இந்தக் கடிதம். இதே கேள்வியோடு ரங்கூனில் எத்தனையோ அக்காக்கள் இருப்பதால் எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன்.

அம்மாவை நினைத்துப் பார். 1987 செப்டம்பரில் பர்மா அரசாங்கம் 25, 35, 75 கியாட் நோட்டுகள் செல்லாது என்றது. ஈடும் கிடையாது. அப்பா சேர்த்த கட்டு ஒரே நாளில் வெறும் தாள். அதற்குப் பிறகு சாகும்வரை, கையில் காசு வந்த அன்றே அரிசியாகவோ பொட்டுத் தங்கமாகவோ மாற்றினால்தான் அம்மாவுக்குத் தூக்கம் வரும். அவளுக்கு ஏன் இப்படி என்று யாரும் கேட்டதில்லை. அவள் பட்ட அடிக்கு ஒரு தேதி இருந்தது.

நீ படுகிற அடிக்குத் தேதி சொல்ல முடியாது. நாலு மணி நேரம் கரண்ட், நாலு மணி நேரம் இருட்டு. பிறகு அதுவும் நிச்சயமில்லை. தெருப் பிள்ளைகள் "மீ லா பீ!" (கரண்ட் வந்துருச்சு) என்று பர்மியில் கத்தியதும் ஓடிப்போய் மோட்டார் போட வேண்டும், சோறு வைக்க வேண்டும், போனைச் சார்ஜில் போட வேண்டும். எண்ணெய் விலை ஒரு பக்கம். ராத்திரி கதவு தட்டினால், வீட்டில் தங்குகிறவர்களை அதிகாரிகளிடம் பதிகிற விருந்தாளிப் பட்டியலில் பெயர் கொடுத்தோமா என்ற திடுக்கிடல். 2024-இல் கட்டாய ராணுவச் சேவை வந்த பிறகு, கடைக்குப் போன பிள்ளை பத்து நிமிஷம் தாமதித்தால் நீ வாசலிலேயே நிற்கிறாய். இதையும் சின்ன விஷயம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை, அக்கா.

ஆபத்து என்று தோன்றினால் உடம்பு அட்ரினலினையும் கார்ட்டிசோலையும் சுரக்கிறது. ஆபத்து போனதும் அடங்க வேண்டும். தினமும் நாலு தரம் எழுப்பினால் அடங்க நேரம் ஏது? ரத்த அழுத்தம் ஏறும், தூக்கம் கெடும், மறதி வரும். இப்படிச் சேர்கிற தேய்மானத்துக்கு 1993-இலேயே புரூஸ் மக்ஈவன், எலியட் ஸ்டெல்லர் என்ற இரண்டு ஆராய்ச்சியாளர்கள் 'அலோஸ்டேடிக் லோட்' என்று தனிப் பெயர் வைத்துவிட்டார்கள். மனஅதிர்ச்சி நோய் என்று எழுத, அமெரிக்க மனநல மருத்துவர்களின் கையேடு உயிர்பயம், படுகாயம், பாலியல் வன்முறை போன்ற ஒன்றைக் கேட்கிறது. கரண்ட் போனதற்கு அந்தப் பெயர் கிடைக்காது. பெயர் கிடைக்காததால் உன் கை நடுங்கவில்லை என்று ஆகிவிடுமா?

வெள்ளிக்கிழமை சாயங்காலம் வருகிறேன். அன்று ராத்திரி மோட்டார் என் பொறுப்பு. நீ உள்ளறையில் கதவைச் சாத்திப் படு. சனிக்கிழமை டாக்டரிடம் போவோம். நடுக்கத்தைச் சொல், ஒரு மணியையும் சொல். விருந்தாளிப் பட்டியலில் என் பெயரை நானே போய்க் கொடுத்துவிட்டு வருகிறேன்.

உன் தம்பி