யாழும் கப்பலும் கோட்டையும்: செயலாளரின் 2025ஆம் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், செயற்குழு நண்பர்களுக்கும், பொதுக்குழுவுக்கு வந்திருக்கும் உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

ஸ்காட்லாந்தின் எடின்பரோ நகரைச் சேர்ந்த, ‘ஹிப்ஸ்’ என்று நாம் சுருக்கி அழைக்கும் ஹைபர்னியன் கால்பந்துக் கழகம் இந்த ஆகஸ்ட் 6ஆம் தேதி 150 ஆண்டுகளை நிறைவு செய்தது. எடின்பரோவின் துறைமுகப் பகுதியான லீத் வட்டார ரசிகர்களாகிய நமது சங்கத்துக்கு அத்தனை வயது இல்லை. ஆனாலும் வீட்டில் ஒரு பெரியவருக்கு ஆயுள் விழா எடுப்பது போல இந்த ஆண்டை நாம் கொண்டாடியிருக்கிறோம். செயற்குழு மாதம் தவறாமல் கூடியது. வெளியூர் ஆட்டங்களுக்குப் பஸ் ஏற்பாடு செய்தோம். வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே வாசிப்பார். சந்தா பாக்கி வைத்திருப்பவர்கள் இன்று கூட்டம் முடிந்து போகும்போது செலுத்திவிட்டுப் போகுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இனி, ஆண்டு முழுவதும் நம்மைப் பேசவைத்த விஷயத்துக்கு வருகிறேன்.

சென்ற குளிர்காலத்தில் ஒரு வெளியூர் ஆட்டத்தின்போது அடித்த காற்றில் நமது சங்கப் பதாகை நடுவே கிழிந்தது. தைத்துப் பார்த்தோம், துணி இற்றுப்போயிருந்ததால் நிற்கவில்லை. புதியது எழுத வேண்டும் என்று முடிவானபோது, நமது இளைய உறுப்பினர் ஒருவர் எழுந்து, கழகச் சின்னத்தில் உள்ள யாழ், கப்பல், கோட்டை மூன்றில் யாழ் மட்டும் புதிய பதாகையில் வேண்டாம் என்றார். கப்பல் லீத்தைக் குறிக்கிறது, கோட்டை எடின்பரோவைக் குறிக்கிறது, இரண்டும் நம் எல்லோருக்கும் பொது. யாழ் அயர்லாந்தின் சின்னம். “எங்கள் குடும்பத்தில் அயர்லாந்து வழி வந்தவர் ஒருவரும் இல்லை, கத்தோலிக்கரும் இல்லை. நான்கு தலைமுறையாக ஈஸ்டர் ரோடு மைதானத்துக்குப் போய்க்கொண்டிருக்கிறோம். அந்தச் சின்னம் என்னை வாசலில் நிறுத்திவைப்பது போல இருக்கிறது” என்றார். மனம் புண்படும்படி யாரையும் அவர் பேசவில்லை. கேள்வி நியாயமானது. அன்றே வாக்கெடுப்பு நடத்தினால் அவரவர் ஏற்கெனவே நினைத்ததைத்தான் சொல்லியிருப்போம். எனவே ஓராண்டு பொறுத்து, கழகத்தின் கதையை முதலிலிருந்து தெரிந்துகொண்டு முடிவெடுப்போம் என்று தலைவர் சொன்னார். எல்லோரும் ஒப்புக்கொண்டோம்.

முதல் வேலையாக வசந்தத்தில் கௌகேட் தெருவுக்கு நடைப்பயணம் போனோம். எடின்பரோவின் பெரிய பாலங்கள் தலைக்கு மேலே போக, பள்ளத்தில் ஓடைபோல் கிடக்கும் தெரு அது. பட்டப்பகலிலும் வெளிச்சம் அரைகுறையாகத்தான் இறங்கும். 1845இல் அயர்லாந்தில் உருளைக்கிழங்குப் பயிர் அழுகிப் பெரும் பஞ்சம் வந்தபின், பிழைக்க வழி தேடிக் கடல் தாண்டி வந்தவர்கள் இங்கேதான் நெருக்கியடித்துக் குடியேறினார்கள். ஊரார் இதைக் குட்டி அயர்லாந்து என்றே அழைத்தார்கள். நான்காம் ஜார்ஜ் பாலத்தின் அடியில் ஜேம்ஸ் கானலியின் நினைவுப் பலகை இருக்கிறது. அயர்லாந்து விடுதலைக்காக 1916இல் சுட்டுக் கொல்லப்பட்ட அந்தத் தலைவர் 1868இல் பிறந்தது இந்தத் தெருவில்தான். அவரும் ஹிப்ஸ் ரசிகர். பலகையின் முன் நாம் நின்றபோது பஸ்களின் இரைச்சல் மேலே பாலத்தில் உருண்டுகொண்டிருந்தது. கீழே யாரும் பேசவில்லை.

அங்கிருந்து சிறிது நடந்தால் புனித பேட்ரிக் தேவாலயம். லிமெரிக் மாவட்டத்திலிருந்து வந்த பாதிரியார் எட்வர்ட் ஹேனன் இங்கே பணியாற்றினார். குடியும் வேலையில்லாத் திண்டாட்டமும் இளைஞர்களைத் தின்றுவிடாமல் இருக்க, கத்தோலிக்க இளைஞர் சங்கம் ஒன்றை அவர் நடத்தினார். அந்தச் சங்கத்தில் இருந்த ரோஸ்காமன்காரர் மைக்கேல் வீலஹனுக்குக் கால்பந்தின் மீது ஆசை வந்தது. 1875 ஆகஸ்ட் 6, அயர்லாந்துத் தலைவர் டேனியல் ஓ'கானலின் நூற்றாண்டு நாள். அன்றுதான் கழகம் பிறந்தது. ஹேனன் தலைவர், வீலஹன் அணித்தலைவர். அயர்லாந்துக்கு ரோமானியர் இட்ட லத்தீன் பெயர் ஹைபர்னியா. அதையே கழகத்துக்குப் பெயராக வைத்தார்கள். பச்சை நிறம், யாழ், ‘அயர்லாந்து என்றென்றும்’ என்ற பொருள்படும் ஐரிஷ் முழக்கம் எல்லாம் அன்றே வந்துவிட்டன.

ஆட வந்தவர்களுக்குக் கதவு திறக்கவில்லை. கால்பந்து சங்கம் ஸ்காட்லாந்துக்காரர்களுக்கானது, அயர்லாந்துக்காரர்களுக்கானது அன்று என்று சொல்லி அவர்களைச் சேர்க்க மறுத்தார்கள். அந்த நிலையில் 1875 கிறிஸ்துமஸ் அன்று மெடோஸ் புல்வெளியில் அவர்களோடு ஆட முன்வந்த அணி எது தெரியுமா? ஹார்ட்ஸ். ஒரு கோல் வித்தியாசத்தில் ஹார்ட்ஸ் வென்றது. எடின்பரோவின் இரு அணிகளும் மோதிய முதல் ஆட்டம் அதுதான். நமது பரம எதிரிகளை நான் இந்த அறிக்கையில் பாராட்டும் ஒரே இடம் இது. ஆனால் மனதாரப் பாராட்டுகிறேன்.

பன்னிரண்டு ஆண்டுகளில் நிலைமை தலைகீழானது. 1887 பிப்ரவரி 12 அன்று ஹாம்ப்டன் மைதானத்தில் டம்பார்ட்டனை 2-1 என்று வென்று ஸ்காட்லாந்துக் கோப்பையை ஹிப்ஸ் கைப்பற்றியது. நாட்டின் கிழக்குக் கரைக்கு அந்தக் கோப்பை வந்தது அதுவே முதல் முறை. வெற்றி விருந்து கிளாஸ்கோவில், கால்டன் பகுதி புனித மேரி மண்டபத்தில் நடந்தது. நீங்களும் இப்படி ஒரு கழகம் தொடங்குங்கள் என்று அங்கிருந்த அயர்லாந்து வம்சாவளியினருக்கு நம்மவர்கள் சொல்லிவிட்டு வந்தார்கள். அதே ஆண்டு நவம்பரில் அதே மண்டபத்தில் செல்டிக் பிறந்தது. அயர்லாந்து வேர் கொண்ட ஸ்காட்லாந்துக் கழகம் என்றாலே உலகம் செல்டிக்கைத்தான் சொல்கிறது. மூத்தவர் நாம், வழிகாட்டியவர் நாம். இதை வெளியூர் நண்பர்களிடம் சொல்லத் தயங்காதீர்கள்.

ஆனால் அந்த உபசாரத்துக்கு நாம் கொடுத்த விலை பெரிது. 1888இல் ஹிப்ஸின் சிறந்த ஆட்டக்காரர்கள் பலரைப் புதிய கழகம் அழைத்துக்கொண்டது. மிச்சமிருந்த அணி தேய்ந்தது. பணமும் மைதானமும் போயின. 1891இல் ஹேனன் பாதிரியார் இறந்தார். அதே ஆண்டில் கழகமும் மூச்சை நிறுத்தியது.

கோடையில் கிரேஞ்ச் கல்லறைத் தோட்டத்துக்குப் போனோம். ஹேனன் அங்கேதான் அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார். நமது மூத்த உறுப்பினரான ஓர் அம்மையார் பழைய பல்துலக்கும் பிரஷ் ஒன்றும் ஒரு பாட்டில் தண்ணீரும் கொண்டுவந்திருந்தார். கல்லில் வெட்டிய எழுத்துகளின் குழிகளில் பாசி பிடித்திருந்தது. மண்டியிட்டு உட்கார்ந்து ஒவ்வோர் எழுத்தாகத் துலக்கினார். கல்லைச் சுரண்டாதீர்கள், தண்ணீரில் ஊறவிட்டுத் தேய்த்தால் போதும் என்று பக்கத்தில் இருந்த சிறுவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தார். அரை மணி நேரத்தில் பச்சை நீர் வடிந்து பெயர் தெளிந்தது. யாழ் வேண்டாம் என்று சொன்ன நமது இளைஞரும் அன்று வந்து, வாளியில் தண்ணீர் சுமந்தார் என்பதையும் பதிவு செய்கிறேன்.

இறந்த கழகம் எழுந்த விதம்தான் இந்த ஆண்டு நமக்கு மிகவும் தேவைப்பட்ட பாடமாக இருந்தது. முதல் ஹிப்ஸ் அணியில் ஆடவேண்டுமானால் கத்தோலிக்க இளைஞர் சங்கத்தில் உறுப்பினராக இருக்க வேண்டும். 1892-93இல் கழகத்தை மீட்டவர்கள் அந்த விதியைக் கைவிட்டார்கள். எந்த மதத்தவரும் வரலாம், எந்த ஊர்க்காரரும் ஆடலாம் என்று கதவைத் திறந்தார்கள். 1893இல் இன்றைய ஈஸ்டர் ரோடு மைதானத்தில் ஆடத் தொடங்கினார்கள். ஆனால் பெயரை மாற்றவில்லை, பச்சையை மாற்றவில்லை. கதவைத் திறப்பதற்காக யாரும் வீட்டை இடிக்கச் சொல்லவில்லை. 1902இல் அந்தக் கலப்பு அணி செல்டிக்கை அதன் சொந்த மைதானத்திலேயே 1-0 என்று வென்று கோப்பையைத் தூக்கியது. அடுத்த ஆண்டு லீக் பட்டமும் வந்தது.

இலையுதிர்காலத்தில் நடத்திய சொற்பொழிவு மாலை யாழின் மறைவைப் பற்றியது. 1930களில் ஹாரி ஸ்வான் கழகத் தலைவரானார். அவர் புராட்டஸ்டன்ட் மதத்தவர். நிர்வாகத் திறமையில் அவருக்கு நிகரானவர் நமக்குக் கிடைத்ததில்லை என்றே சொல்வேன். கோர்டன் ஸ்மித், பாபி ஜான்ஸ்டன், லாரி ரெய்லி, எடி டர்ன்புல், வில்லி ஆர்மண்ட் என்ற ஐந்து முன்கள வீரர்களும் ஒன்றாக ஆடிய பொற்காலம் அவருடையது. 1948, 1951, 1952 ஆகிய ஆண்டுகளில் லீக் பட்டம் வென்றோம். 1955இல் ஐரோப்பியக் கோப்பை முதன்முதலாகத் தொடங்கியபோது அதில் ஆடிய முதல் பிரிட்டிஷ் அணியும் ஹிப்ஸ்தான். அரையிறுதி வரை சென்றது. ஆனால் அதே காலத்தில்தான் யாழ் நம் கழகத்திலிருந்து மறைந்தது. 1952இல் செல்டிக் மைதானத்தில் பறந்த அயர்லாந்துக் கொடியை இறக்கச் சொன்ன கால்பந்து சங்கத்தில், ஸ்வான் முக்கியப் பொறுப்பில் இருந்தார். அயர்லாந்தின் பெயரையே தன் பெயராகக் கொண்ட கழகத்தின் தலைவர் அந்த ஆணைக்குத் துணை நின்றது எனக்கு இன்றும் வலிக்கிறது. அவர் நமக்குச் செய்த நன்மைகளை மறக்காமலேயே இதைச் சொல்கிறேன்.

அன்றைய கூட்டத்துக்கு, கல்லறையைத் துலக்கிய அதே அம்மையார் ஒரு கம்பளி ஸ்கார்ஃப் கொண்டுவந்தார். 1950களில் அவருடைய அத்தை பின்னியது. முனையில் மஞ்சள் நூலால் சிறிய யாழ் ஒன்று. கழகம் சின்னத்தை விட்டுவிட்டதே என்று அத்தை தானே பின்னிக்கொண்டாராம். ஸ்கார்ஃப் கைக்குக் கை மாறி மண்டபத்தைச் சுற்றி வந்தது. ஒரு தந்தி நூல் அறுந்து தொங்கியது. யாரும் அதை இழுத்துவிடாமல் பார்த்துக்கொண்டார்கள்.

யாழ் மீண்டு வந்தது 2000ஆம் ஆண்டில். இன்றைய சின்னத்தில் அது கப்பலோடும் கோட்டையோடும் சேர்ந்து நிற்கிறது. கப்பலைப் பற்றியும் ஒரு வார்த்தை: லீத் தனி நகராக இருந்தது. மக்கள் பெருவாரியாக எதிர்த்து வாக்களித்தும் 1920இல் எடின்பரோவுடன் சேர்க்கப்பட்டது. தன் அடையாளத்தைப் பிறர் அழித்துவிடுவார்களோ என்ற அச்சம் லீத்காரர்களுக்குப் புதிதன்று. அதனால்தான் 1990இல் ஹார்ட்ஸ் தலைவர் வாலஸ் மெர்சர் இரு கழகங்களையும் ஒன்றாக்க முயன்றபோது, தெருத்தெருவாக மக்கள் எழுந்து அதைத் தடுத்தார்கள்.

இங்கே இரங்கலைத் தெரிவிக்க வேண்டும். அந்த நெருக்கடிக்குப் பின் கழகத்தை வாங்கிக் காப்பாற்றிய சர் டாம் ஃபார்மர் இந்த ஆண்டு மே மாதம் காலமானார். லீத்தில் பிறந்தவர். கால்பந்தில் அவருக்குப் பெரிய ஆர்வம் இருந்ததில்லை. 1890களில் கழகத்தை அழிவிலிருந்து மீட்டவர்களில் அவருடைய முன்னோர் ஒருவரும் இருந்தார். அந்தத் தொடர்பும் அவரை இதில் இறங்கச் செய்தது. அவருடைய நினைவுக்கு அனைவரும் எழுந்து நின்று ஒரு நிமிடம் மௌனம் காக்குமாறு தலைவர் கேட்டுக்கொள்வார்.

2016 மே 21ஐப் பற்றி இந்த மண்டபத்தில் நான் விளக்கத் தேவையில்லை. 1902க்குப் பின் ஸ்காட்லாந்துக் கோப்பைக்காக 114 ஆண்டுக் காத்திருப்பு, இறுதி ஆட்டத்தில் ரேஞ்சர்ஸுக்கு எதிரே 92ஆவது நிமிடம், ஹெண்டர்சனின் கார்னர், டேவிட் கிரேயின் தலை. இன்று அதே கிரே நமது அணியின் தலைமைப் பயிற்சியாளர்.

பதாகை பற்றிய வாக்கெடுப்பு கடந்த மாதச் சிறப்புக் கூட்டத்தில் நடந்தது. பெரும்பான்மை முடிவு: யாழ் இருக்கும். கேள்வியை எழுப்பிய இளைஞர் நடுநிலை வகித்தார். ஆனால் ஒரு திருத்தம் கொண்டுவந்தார். பதாகையில் 1875 என்று மட்டும் எழுதாமல், கதவு திறந்த 1893ஐயும் எழுத வேண்டும் என்றார். அது ஒருமனதாக ஏற்கப்பட்டது. இந்த ஆண்டு நமது சங்கத்தில் எடுக்கப்பட்ட மிகச் சிறந்த முடிவு அதுவே என்பது என் கருத்து. கப்பலையும் கோட்டையையும் அவரே வரைந்திருக்கிறார். யாழை அம்மையார் தன் அத்தையின் ஸ்கார்ஃபைப் பார்த்து வரைந்தார். அறுந்த தந்தியையும் சேர்த்து முழுமையாகவே வரைந்திருக்கிறார்.

புதிய பதாகை இப்போது பின்னறையில் காய்ந்துகொண்டிருக்கிறது. பச்சை வண்ணம் இன்னும் ஈரமாக இருப்பதால் யாரும் தொட வேண்டாம். பழையதைவிட அகலமானது, காற்றடிக்கும் நாளில் பிடிக்க நான்கு பேர் தேவைப்படும். அடுத்த வெளியூர் ஆட்டத்துக்கு வர இசைபவர்கள் கதவருகே உள்ள தாளில் பெயர் எழுதிவிட்டுச் செல்லவும்.

நன்றியுடன்,
செயலாளர்